பிளஸ் டூவுக்குப் பிறகு கட்டட வேலையில் அப்ரென்டிஸ்: முடித்தவன் எழுதும் ரிவ்யூ

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. பிரியாணிக் கடைக்கும் செல்போன் கவருக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம், ஆனால் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு பையன் வருஷக்கணக்கில் தன்னைக் கொண்டுபோய் ஒப்படைக்கிற இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் தேடியபோது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் இது கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி, நாகர்கோவிலை மையமாக வைத்து வேலை எடுக்கிற ஒரு நடுத்தரக் கட்டுமானக் கம்பெனி. பேர் போடவில்லை. கீழே நல்லதும் வருகிறது, குறையும் வருகிறது, யாரையும் சந்தியில் இழுப்பது என் நோக்கமில்லை. எனக்கு ஊர் குலசேகரம் பக்கம், அப்பா ரப்பர் பால்வெட்டு, சித்தப்பா கொத்தனார். எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ முடித்தால் மூன்று வழிதான் பேசுவார்கள்: இன்ஜினியரிங், நர்சிங், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வெளிநாடு. சிவில் படிக்கணும் என்று எனக்கு ஆசை இருந்தது, நாலு வருஷ ஃபீஸைக் கேட்டதும் வீட்டில் ஒரு அமைதி. சித்தப்பா மட்டும், "எங்கூட கையாளா வாலே, மாசம் இருபதாயிரம் பாக்கலாம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கேரளா பக்கத்தில் இருப்பதால் நம் மாவட்டத்தில் கட்டடக் கூலி எப்போதும் கூடுதல்தான், மழை நாளைக் கழித்தாலும் அந்தக் கணக்கு வந்துவிடும்.

அப்புறம் எதற்கு ஏழாயிரம் ரூபாய்க்கு அப்ரென்டிஸாகப் போனேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த ரிவ்யூவே.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் திட்டத்தைச் சொல்கிறேன். இது கம்பெனி தன் இஷ்டத்துக்கு நடத்துகிற டிரெய்னிங் கிடையாது, 1961-ஆம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ் எடுத்தே ஆகவேண்டும், அதைவிடச் சின்ன நிறுவனங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2019-இல் திருத்திய விதிப்படி பிளஸ் டூ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000, பத்தாம் வகுப்புக்கு 6,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இரண்டாம் வருஷம் பத்து சதவீதம் கூடும். தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிவான கம்பெனி என்றால் இதில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு தருகிறது. 2023-இலிருந்து அந்தப் பங்கு நேராக நம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதாவது எனக்குக் கம்பெனி தந்தது 5,500, அரசாங்கம் 1,500. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரென்டிஸ் கவுன்சில் பரிந்துரை செய்தது, அதனால் நீங்கள் சேரும்போது அன்றைய தொகை என்ன என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள். கம்பெனிக்காரர் சொல்கிற தொகையை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

சேர்வது கஷ்டமில்லை. அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் ஆதார், மெயில் ஐடி, போன் நம்பர் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த 1,500 வராது. பிறகு கம்பெனி ஒரு ஒப்பந்தம் போடும், நாம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 18 ஆகவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். ஆபத்தான தொழில்களுக்கு எப்படியும் 18 முடிந்திருக்க வேண்டும். இந்த ஒப்பந்தம்தான் உயிர். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் வேறு ஒரு இடத்தில் "அப்ரென்டிஸ்" என்று சொல்லித்தான் சேர்ந்தான், மழைக்காலம் முடிந்து பார்த்தால் போர்ட்டலில் அவன் பேரே இல்லை, ஒப்பந்தமும் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேரெழுதி மாதம் ஐயாயிரம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பேர் மலிவான கையாள். ஒப்பந்தத்தின் பிரதி போனில் வந்து சேராதவரை ஒருநாள்கூட சைட்டில் நிற்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் சில வாரங்கள் ஆபீஸ் மாடியில் வகுப்பு. அதற்கு நான் இரண்டு மார்க்குக்கு மேல் தரமாட்டேன். ஒரு இளம் இன்ஜினியர் லேப்டாப்பில் ஸ்லைடு ஓட்டினார், எங்களில் பாதிப் பேருக்கு ஸ்லைடில் இருந்த இங்கிலீஷ் புரியவில்லை, அவருக்குத் தமிழில் சொல்ல வராது, அவரும் திருநெல்வேலிக்காரர்தான் என்பது வேறு விஷயம். ஹெல்மெட் எப்படிப் போடுவது, சேஃப்டி பெல்ட்டை எங்கே மாட்டுவது, இவை மட்டும் உருப்படியாக மனதில் நின்றன. மதியம் கீழே சாயாக்கடையில் ரசவடை நன்றாக இருக்கும், அதற்கு ஐந்துக்கு ஐந்து.

சைட்டுக்கு அனுப்பிய பிறகுதான் கதை மாறியது. அதுவும் உடனே மாறவில்லை. பார்வதிபுரம் பக்கம் ஒரு அடுக்குமாடி வேலையில் முதலில் என்னை ஸ்டோரில் போட்டார்கள். சிமென்ட் மூட்டை எண்ணுவது, லோடு வந்தால் கேட் திறப்பது, இன்ஜினியருக்கு சாயா வாங்கி வருவது. ஒப்பந்தத்தில் கம்பி கட்டும் தொழில் என்று போட்டிருக்கிறது, நான் கட்டியது சாயா பார்சல். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தைப் போனில் திறந்து சைட் இன்ஜினியரிடம் காட்டி, "சார், இதுல பார் பெண்டிங்னு இருக்கு" என்று கேட்டேன். சண்டை போடவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் மறுநாளே கம்பி யார்டில் விட்டுவிட்டார். கேட்காத பையன்கள் கடைசிவரை ஸ்டோரிலேயே இருந்தார்கள். கம்பெனி வேண்டுமென்று செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பையன் எதற்கு வந்திருக்கிறான் என்று பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை, அதுதான் குறை.

கம்பி யார்டில் இருந்த ஃபோர்மேன் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், மஸ்கட்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லோரும் மேசிரி என்றுதான் கூப்பிடுவோம். நான் கொடுக்கிற மூன்றரையில் பெரும்பகுதி அவருக்குத்தான்.

முதல் நாள் ரிங் வளைக்கிற பலகைக்கு முன்னால் நிற்க வைத்தார். கனமான பலகை, அதில் அடித்த கம்பி முளைகள், கையில் வளைப்புச் சாவி. எல்லாப் பையன்களும் செய்வது போல நானும் சாவியை எடுக்கப் போனேன். "அத வை மக்ளே, மொதல்ல இத வாசி" என்று டிராயிங்கை விரித்துவிட்டார். பீம் 230-க்கு 450 மில்லிமீட்டர், கவர் 25 மில்லி, ரிங் 8 மில்லி கம்பி. ரிங் என்பது பீமுக்குள் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி வருகிற சட்டம். சுற்றிலும் 25 மில்லி சிமென்ட் மூடணும், ஆக ரிங் அளவு 180-க்கு 400. நாலு பக்கமும் கூட்டினால் 1,160. இரண்டு முனையிலும் கொக்கிக்குக் கம்பி விட்டத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது 80, இரண்டுக்கு 160. கம்பி வளையும்போது நீளும், அதற்குக் கழிக்கணும்: மூன்று மூலை 90 டிகிரி வளைவுக்குத் தலா 16, இரண்டு கொக்கி வளைவுக்குத் தலா 24, மொத்தம் 96. மிச்சம் 1,224 மில்லி. அதுதான் வெட்டவேண்டிய நீளம்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் சித்தப்பாவிடம் கேட்டேன், ஒன்பதுக்குப் பதினெட்டு இன்ச் பீமுக்கு ரிங் என்ன நீளத்தில் வெட்டுவீங்க என்று. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "நாலடி" என்றார். நாலடி என்றால் 1,219 மில்லி. வித்தியாசம் 5 மில்லி! அப்போ இரண்டடி உயர பீமுக்கு? "அஞ்சடி." 230-க்கு 600 பீமுக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 1,524 வந்தது, அஞ்சடியேதான், ஒரு மில்லிகூடப் பிசகவில்லை. இதைச் சொன்னால் கையாளாகவே போயிருக்கலாமே என்று கேட்பார்கள். ஆனால் பின்னாடி தக்கலையில் ஒரு கல்யாண மண்டப வேலையில் 380-க்கு 600 தூண் வந்தது, கவர் 40, ரிங் 10 மில்லி கம்பி. அதையும் சித்தப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணு வளைச்சுப் பாத்துட்டுதான் சொல்ல முடியும்லே" என்றார். சைட்டில் மேசிரி சிமென்ட் சாக்கின் மேல் பென்சிலால் எழுதி 1,720 என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், வளைத்துப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏழாயிரத்துக்கு நான் போனது இந்தப் பென்சில் கணக்குக்காகத்தான். சித்தப்பா வழக்கமாகச் செய்கிற அளவுகளில் அவரை மிஞ்ச ஆளில்லை, அளவு மாறினால் ஒரு கம்பி வீணாகும். பெரிய வேலையில் அளவு மாறிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றும் மேசிரி காட்டிக் கொடுத்தார். கம்பி வருவது 12 மீட்டர் நீளத்தில். 1,524 ரிங் ஏழு வெட்டினால் 10,668 போய்விடும், 1,332 மிச்சம். பையன்கள் அந்தத் துண்டை ஓரமாக எறிந்துவிட்டு அடுத்த கம்பியை எடுப்பார்கள். அந்த மிச்சத்தில் ஒரு 1,224 ரிங் வெட்டலாம், கடைசியில் கையில் நிற்பது 108 மில்லி, ஒரு சாண்கூட இல்லை. "துண்ட எறிஞ்சா மொதலாளிக்க காசல்லா எறியுது" என்பார். எந்த அளவை எந்த அளவோடு சேர்த்து வெட்டணும் என்று காலையிலேயே ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் கட்டரை ஓட்டவேண்டும். இந்தத் தாளை எழுதுகிற வேலையைக் கொஞ்ச நாளில் என்னிடமே விட்டுவிட்டார். கம்பி எடைக் கணக்கும் அப்படித்தான் வந்தது: மில்லியில் விட்டத்தை எடுத்து அதையே அதனால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 8 மில்லிக்கு 0.395. லோடு இறங்கும்போது எண்ணிப் பெருக்கிப் பார்த்தால் சப்ளைக்காரரின் எடைச் சீட்டு சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டோரில் மூட்டை எண்ணிக்கொண்டு நின்றபோது இது தெரிந்திருந்தால் அந்த வேலைக்கும் ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

கொக்கி விஷயத்தில்தான் மேசிரி ரொம்பக் கறார். ரிங் முனையை 90 டிகிரியில் மடக்கிவிட்டால் வேலை வேகமாக முடியும், சின்ன வீடு கட்டும் வேலைகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, 135 டிகிரிக்கு உள்ளே திருப்பினால்தான் நில அதிர்ச்சியில் கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் பிரியாது. தப்பாக மடக்கினதைக் கண்டால் திட்டமாட்டார், அதைக் கையில் கொடுத்து நிமிர்த்தி மறுபடி வளைக்கச் சொல்வார். ஒருதரம் நிமிர்த்திப் பாருங்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் 90-இல் மடக்கமாட்டீர்கள்.

கவர் இடைவெளி கிடைக்க கம்பிக்கு அடியில் வைக்கிற சின்னக் கட்டை, கவர் பிளாக், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியாது, ஏனென்றால் இது நம் மாவட்டத்துக்கே உள்ள சமாச்சாரம். குளச்சல், கடியபட்டணம், முட்டம் என்று கடற்கரை ஊர்களில் பழைய கான்கிரீட் வீடுகளின் சன்ஷேடுக்கு அடியில் பாருங்கள், சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி எலும்பு மாதிரி தெரியும். உப்புக்காற்று உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து, துரு வீங்கி, மேலே இருக்கிற கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிவிடுகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி சாதாரண இடத்தில் 20 மில்லி கவர் போதும், கடல்காற்று நேராக அடிக்கிற இடத்தில் 45 மில்லி வேண்டும், கான்கிரீட்டும் குறைந்தது எம் 30 தரம். இது வகுப்பு ஸ்லைடிலும் இருந்தது, யாருக்கும் ஏறவில்லை. மேசிரி ஒருநாள் உடைந்த சன்ஷேடின் போட்டோவைப் போனில் காட்டி, அடியில் ஒட்டிக்கிடந்த கம்பியைக் காட்டினார். அதற்கப்புறம் தட்டில், அதாவது கான்கிரீட் தளத்தில், கம்பி விரிக்கும்போது எங்கேயாவது கவர் பிளாக் நழுவிக் கிடந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும், இப்போதும்.

கான்கிரீட் நாள் தனி அனுபவம். விடியும் முன்னே போய், மிக்ஸ் லாரி வந்ததும் ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், பார்த்து, 150 மில்லி கியூப் அச்சில் கான்கிரீட் நிரப்பி, தேதி எழுதி, மறுநாள் அச்சைப் பிரித்துத் தண்ணீரில் போட்டு, 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்க்க அனுப்புவது வரை எங்களை விட்டார்கள். இதைச் சின்ன வேலைகளில் பார்க்கவே முடியாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலும் பெய்யும் ஐப்பசியிலும் பெய்யும், பாதித் தட்டு போட்டிருக்கும்போது வேளிமலைப் பக்கம் கறுத்தால் இன்ஜினியரிலிருந்து கையாள் வரை எல்லோரும் தார்ப்பாய்க்கு ஓடுவோம். எங்கே நிறுத்தினால் பிறகு சேர்த்துப் போடலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்பதை அந்த அவசரத்திலும் டிராயிங்கைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். புத்தகத்தில் எழுதியிருந்தால் நான் படித்திருக்கமாட்டேன்.

சரி, ஒன்றரை மார்க்கை எதற்குக் குறைத்தேன்.

பெரிய குறை, பணம். அரசாங்கப் பங்கு தனியாக வந்துகொண்டிருந்தது, கம்பெனி தரவேண்டிய 5,500 சொன்ன தேதியில் வந்ததே குறைவு. கேட்டால் "பில் பாஸாகலை" என்பார்கள். பில் அவர்களுக்குப் பாஸாகணும், எனக்கு பஸ் டிக்கெட் தினமும் எடுக்கணும். குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் வந்து, அங்கிருந்து சைட்டுக்கு இன்னொரு பஸ், மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தாலும் மாதம் ஒரு கணிசமான தொகை அதிலேயே போய்விடும். சித்தப்பாவோடு போயிருந்தால் இந்த ஏழாயிரம் பத்து நாளுக்குள் தேறியிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் சம்பாத்தியம் நிலையாக இருந்தால்தான் இந்த வழியில் போகமுடியும் என்பதை மறைத்துப் பயனில்லை. அப்பா ஒரு மழைக்காலம் முழுக்க பால்வெட்டு இல்லாமல் இருந்தபோது நான் விட்டுவிட்டு வந்துவிடுவேனோ என்றுகூட இருந்தது.

இரண்டாவது, அப்ரென்டிஸ் சட்டப்படி நாம் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பி.எஃப் கிடையாது, இ.எஸ்.ஐ கிடையாது. வேலை நேரமும் லீவும் கம்பெனி வைப்பதுதான். முடித்த பிறகு வேலை தரவேண்டும் என்று கட்டாயமும் கிடையாது. இதையெல்லாம் சேரும்போது யாரும் விளக்கவில்லை. ஆனால் ஒன்று உண்டு, வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பு சட்டப்படி முதலாளிக்கு இருக்கிறது, நான் பயிற்சியில் இருந்தபோது 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம் அப்ரென்டிஸுக்கும் பொருந்தியது. என்னோடு இருந்த ஒரு பையன் ஆணி மிதித்துக் காலில் தையல் போட்டபோது ஆஸ்பத்திரிச் செலவை முதலில் அவனையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அவன் மாமா வந்து ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசிய பிறகு கொடுத்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

சான்றிதழைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கடைசியில் ஒரு தேர்வு, கொஞ்சம் எழுத்து, பெரும்பாலும் செய்முறை, தேறினால் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு வீடு கட்டும் வேலைக்குப் போனால் ஒரு பத்துப் பைசா கூடக் கிடைக்காது, கொத்தனார் உங்கள் கையைத்தான் பார்ப்பார், தாளைப் பார்க்கமாட்டார். பெரிய கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போது உதவுகிறது. வளைகுடாவுக்குப் போனாலும் ட்ரேட் டெஸ்ட் தனியாக வைப்பார்கள், ஆனால் டிராயிங்கைக் கொடுத்து வெட்டுநீளம் கேட்டால் முழிக்காமல் பதில் சொல்லலாம். நான் இப்போது வேறு ஒரு கம்பெனியில் கம்பி வேலைக்கு சூப்பர்வைசருக்குக் கீழே இருக்கிறேன், வெட்டுப் பட்டியல் போடுவதுதான் முக்கிய வேலை. என் வயதில் கையாளாகப் போனவன் இன்றைக்கும் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் சம்பாதிக்கிறான். முதுகு வலி யாருக்கு அதிகம் என்று கேட்டால் அது வேறு கணக்கு.

கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது, அங்கே சேராமல் நேராக அப்ரென்டிஸுக்குப் போவது சரியா என்று அம்மாக்கள் கேட்பார்கள். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000, பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் அதே 1,000. முடித்த பிறகும் அப்ரென்டிஸ் போகலாம். எலக்ட்ரீஷியன், சர்வேயர், சிவில் வரைபடம் என்றால் நான் ஐடிஐக்குத்தான் போகச் சொல்வேன், அதில் அடிப்படை படிப்பில்தான் இருக்கிறது. கம்பி, சென்ட்ரிங், கொத்து என்றால் சைட்தான் பள்ளிக்கூடம், நேராகப் போகலாம். வயது 18 ஆன கையாளாக இருந்தால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம் என்பது இன்னொரு பக்கம், சித்தப்பா அதில் இருக்கிறார், அவர் மகளின் படிப்புக்கு அதிலிருந்து உதவித்தொகை வருகிறது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

சேர்வதற்கு முன் ஒருநாள் சைட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. ஆபீஸுக்குப் போனால் ஏசி ரூமில் உட்காரவைத்து நல்ல வார்த்தை சொல்வார்கள். சைட்டில் பத்து மணி சாயா நேரத்துக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருக்கிற அப்ரென்டிஸ் பையனைக் கண்டுபிடித்து, யாருக்குக் கீழே இருக்கிறாய், டிராயிங்கைக் கையில் தருகிறார்களா, போன மாதக் காசு எப்போது வந்தது, இந்த மூன்றையும் கேளுங்கள். டிராயிங்கைத் தொட விடமாட்டார்கள் என்று அவன் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள், அந்த இடத்தில் ஏழாயிரத்துக்கு நிற்பதைவிட சித்தப்பாமாரோடு போவது நூறு மடங்கு மேல். ஃபோர்மேன் யார் என்று தெரிந்துகொண்டு சேருவது கம்பெனி பேரைப் பார்த்துச் சேருவதைவிட முக்கியம். எனக்கு மேசிரி வாய்த்தது அதிர்ஷ்டம். அவர் ஒரு மாதம் லீவில் போனபோது வந்த இன்னொரு ஃபோர்மேனிடம் நான் கற்றது கம்பி சுமப்பது மட்டும்தான்.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பேட்ச்சில் ஒரு பெண் இருந்தாள், அளவெடுப்பதிலும் பில் கணக்கிலும் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி, டியூப் லெவலில் தண்ணீர் மட்டம் பிடித்தால் ஒரு மில்லி மாறாது. தக்கலை சைட்டில் கழிப்பறை கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டுப் போய்க்கொண்டிருந்தாள், அவர்கள் ஊருக்குப் போன வாரம் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றாள். அப்போதிருந்த, கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே சைட்டில் கழிப்பறை வைக்கவேண்டும் என்று இருந்தது. கேட்டோம், ஆபீஸ் வேலைக்கு மாற்றிக்கொடுத்தார்கள், கழிப்பறை வைக்கவில்லை. அவள் ஆபீஸில் கணக்கு நன்றாகத்தான் கற்றாள், ஆனால் அவள் வந்தது சைட் வேலைக்கு. மகளை அனுப்ப நினைக்கிறவர்கள் சைட்டைப் பார்க்கப் போகும்போது, உதவித்தொகையைக் கேட்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிடுங்கள், "இருக்கு" என்று சொன்னால் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

கம்பெனி பேரைக் கேட்டு யாரும் மெசேஜ் போடவேண்டாம், சொல்லமாட்டேன். ரிங் கணக்கில் சந்தேகம் என்றால் தாராளமாகக் கேளுங்கள், பீம் அளவையும் கவரையும் கம்பி விட்டத்தையும் சேர்த்து எழுதினால் ராத்திரி பதில் போடுகிறேன்.